தான்சானியா கிராமத்தில் கணக்கு டீச்சராக எட்டு வருடம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், ஓய்வுபெற்ற ஆசிரியையான குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

மொட்டை மாடியில் வைப்பதாகத்தான் இருந்தது. வானம் இருண்டுகொண்டு வருவதைப் பார்த்துக் கீழே வந்துவிட்டோம். பின்வரிசைக்குக் கேட்கிறதா? மைக் வேண்டாம், வாழ்நாள் முழுக்க வகுப்பறையில் கத்திப் பழகிய தொண்டை இது.

"ஆப்பிரிக்காவில் மிஷனரியா இருந்தீங்களே, அதைப் பத்திப் பேசுங்கம்மா" என்று செயலாளர் சொன்னார். உடனே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது சமயச் சொற்பொழிவு இல்லை. இங்கே குடிவந்த புதிதில் லிஃப்டில் ஒரு பெரியவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "அங்க எத்தனை பேரை மாத்தினீங்க டீச்சர்?" ஒருவரையும் இல்லை, ஐயா. நாங்கள் போன ஊரில் தாத்தா காலத்திலேயே ஜெர்மன் பாதிரிமார் வந்து போயிருந்தார்கள். ஊரில் பாதிப்பேருக்கு என்னைவிட விவிலியம் நன்றாகத் தெரியும். கோயிலில் நான்கு குரலில் பிரித்துப் பாடுவார்கள், நான் வாயை மட்டும் அசைப்பேன். வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள். மிஷன் நடத்திய மேல்நிலைப் பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. என் கணவருக்கு இயற்பியல், கூடவே ஜெனரேட்டர். அவர் இயற்பியல் எடுத்த நேரத்தைவிட ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிய நேரம்தான் அதிகம்.

1997 ஜனவரியில் போனோம், 2004 கடைசியில் திரும்பினோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் கிளம்ப முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறவர்களின் துணிச்சல் எனக்கு இருந்திருக்காது.

மும்பை வழியாக டார் எஸ் சலாம். அங்கிருந்து இரிங்காவுக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர், ஒரு பகல் முழுக்க பஸ். நெடுஞ்சாலையே மிக்குமி தேசியப் பூங்காவுக்கு நடுவில் போகிறது. சன்னலுக்கு வெளியே யானை நிற்கிறது, பஸ்ஸில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைத் தாண்டினால் ஒரு பள்ளத்தாக்கு முழுக்கப் பெருக்கமரங்கள், வேரைப் பிடுங்கித் தலைகீழாக நட்ட மாதிரி. பிறகு மலை ஏறுகிறது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஒரே ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போயிருந்தோம், இரண்டு பேருக்கு. நாங்கள் இருந்த இடம் ஏற்காட்டைவிட உயரம், பக்கத்தில் தேயிலைத் தோட்டம். ஜூன், ஜூலையில் காலையில் வாயைத் திறந்தால் புகை வரும்.

பெட்டியில் என்ன கொண்டுபோனேன் தெரியுமா? மூன்று கிலோ புளி. கொட்டை எடுத்து, உப்புப் போட்டு உருட்டி, அம்மா கட்டிக்கொடுத்தது. டார் எஸ் சலாம் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துளி வாயில் போட்டுப் பார்த்து, "உக்வாஜு!" என்று சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று வாரம் கழித்து இரிங்கா சந்தைக்குப் போனால் குவியல் குவியலாகப் புளி. அதன் பெயர்தான் உக்வாஜு. நம் புளியமரத்துக்கே பூர்வீகம் வெப்பமண்டல ஆப்பிரிக்காதான் என்று தாவரவியல்காரர்கள் சொல்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து அதன் தாய்வீட்டுக்கே சுமந்துகொண்டு போயிருக்கிறேன்! இதை நினைத்து இன்றைக்கும் சிரிப்பேன். ஆனால் அங்கே போன முதல் வருடம் நான் செய்ததெல்லாம் கிட்டத்தட்ட இந்தப் புளி மூட்டை மாதிரிதான்.

முதலில் வணக்கம் சொல்வது. கடைக்குப் போய் "உப்பு இருக்கிறதா?" என்று கேட்பேன். கடைக்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டு நிற்பார், பதில் வராது. எனக்குக் கோபம் வரும். பிறகுதான் சக ஆசிரியை ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். காலை எப்படி, வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி என்று வரிசையாக விசாரித்து, அவர் திருப்பி விசாரித்து, எல்லாவற்றுக்கும் "ந்ஸூரி", நலம் என்று சொல்லி முடித்த பிறகுதான் உப்பு. சின்னவர்கள் பெரியவர்களைப் பார்த்தால் "ஷிக்கமோ" என்பார்கள், காலைப் பிடிக்கிறேன் என்று பொருள். பெரியவர் "மரஹாபா" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் வாரம் பிள்ளைகள் "ஷிக்கமோ ம்வாலிமு" என்றபோது நானும் பதிலுக்கு "ஷிக்கமோ" என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ம்வாலிமு என்றால் ஆசிரியர். அந்த நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நியரேரேயைக் கடைசிவரை அப்படித்தான் அழைத்தார்கள். அவரும் தபோராவிலும் புகுவிலும் மிஷன் பள்ளிகளில் பாடம் நடத்தியவர். 1999 அக்டோபர் 14ஆம் தேதி அவர் இறந்த செய்தி வானொலியில் வந்தபோது எங்கள் பள்ளியில் மணி அடிக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே மைதானத்தில் வந்து நின்றார்கள். ஆசிரியர் என்ற சொல்லுக்கு ஒரு நாட்டில் அவ்வளவு கனம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்தது நேரம். கொஞ்சம் சுவாஹிலி வந்த திமிரில் ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகளிடம், நாளை சிறப்பு வகுப்பு, "சா டீசா" என்றேன். டீசா என்றால் ஒன்பது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரு குஞ்சு குளுவான் இல்லை. பொருமிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மதியம் மூன்று மணிக்கு நாற்பது பிள்ளைகள், சிலர் எட்டு ஒன்பது கிலோமீட்டர் நடந்து வந்து, பூட்டிய வகுப்பு வாசலில் நிற்கிறார்கள். திட்டித் தீர்த்தேன். அவர்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்கள். எங்கள் பள்ளிக் காவலாளி வந்துதான் விளக்கினார். அங்கே மணிக்கணக்கு சூரியன் உதிப்பதிலிருந்து தொடங்குகிறது. நம் காலை ஏழுதான் அவர்களுக்கு ஒரு மணி, மூன்று ஆனால் ஒன்பது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே விடிகிறது, அதனால் இந்தக் கணக்கு ஒருநாளும் பிசகாது. யோசித்துப் பாருங்கள், நம் தாத்தா பாட்டியும் உதயாதி நாழிகை என்று சூரிய உதயத்திலிருந்துதானே எண்ணினார்கள்! எனக்கு அது அந்நியமாக இருந்திருக்கவே கூடாது. திங்கட்கிழமை பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டதுதான் அவர்களுக்கு அந்நியமாக இருந்தது.

இப்படி ஒவ்வொன்றாக நம் வாழ்க்கை அங்கே வேறு பெயரில் கிடைத்துக்கொண்டே இருந்தது. நெல், அரிசி, சோறு என்று நமக்கு மூன்று சொற்கள். ஆங்கிலத்தில் எல்லாமே ரைஸ். சுவாஹிலியில் ம்புங்கா, ம்ச்செலே, வாலி, சரியாக மூன்று. ஆனால் எங்கள் மலையில் சோறு பண்டிகைக்குத்தான். அன்றாடம் உகாலி. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டி, துடுப்பு போட்டுக் கிண்டுகிற களிதான் அது. என் பாட்டி வில்லியனூர்ப் பக்கத்தில் கேழ்வரகு கிண்டியது போலவே, அதே துடுப்பு, அதே வியர்வை. இருந்தும் முதல் ஆறு மாதம் நான் அதைத் தொடவில்லை. அரிசி வாங்க மாதம் ஒருமுறை இரிங்காவுக்குப் பஸ் ஏறினேன்.

1998 ஜனவரியில் அப்பா இறந்துபோனார். அங்கே தபால்காரர் வீட்டுக்கு வரமாட்டார். எல்லாக் கடிதமும் நகரத்துத் தபால் பெட்டிக்குத்தான் வரும், யாராவது போய் எடுத்து வரவேண்டும். அந்த வருடம் எல் நீன்யோ மழை, நாட்டில் பல இடங்களில் சாலையையும் பாலத்தையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. தந்தி பெட்டியில் கிடந்து, அது என் கைக்கு வரும்போது பதினோரு நாள் ஆகியிருந்தது. பொங்கலும் போய், அடக்கமும் முடிந்து, எல்லாம் ஆகிவிட்டது. போவதற்கு இடமே இல்லை. யாரிடம் அழுவது என்றும் தெரியவில்லை.

சாயங்காலம் வாசலில் "ஹோடி" என்ற குரல். யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டமாட்டார்கள், வெளியே நின்று ஹோடி என்பார்கள். உள்ளேயிருந்து "கரிபு", வாருங்கள் என்று வந்தால்தான் காலை உள்ளே வைப்பார்கள். பக்கத்து வீட்டம்மா நின்றாள். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள், தலையில் விறகு, மாவு. எனக்கு உப்பு தர மறுத்தாள் என்று நினைத்தேனே, அந்தக் கடைக்காரம்மாவும் இருந்தார். "போலே சானா, ம்வாலிமு" என்றார்கள். போலே என்பதற்கு நம்மிடம் ஒரே சொல் இல்லை. உன் கஷ்டம் எனக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடுக்கி விழுந்தாலும் போலே, வேலை செய்து களைத்தவரைப் பார்த்தாலும் போலே. அதற்கு மேல் யாரும் ஆறுதல் சொல்லவில்லை, பைபிள் வசனம் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். இருட்டியதும் என் அடுப்பைப் பற்றவைத்து உகாலி கிண்டினார்கள். அன்றைக்குத்தான் சாப்பிட்டேன். மூன்று நாள் மாறி மாறி வந்தார்கள். நம் ஊர்த் துக்க வீடுதான் அது, ஒப்பாரி மட்டும் இல்லை.

2024இல் ஃபெஞ்சல் புயல் அடித்துக் கரண்ட் இல்லாமல் நாம் எல்லோரும் மாடிப்படியில் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்தோமே, எனக்கு அந்த நாள்கள்தான் நினைவுக்கு வந்தன. எதிர் ஃபிளாட்டில் இருப்பவரின் பெயரே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சரி, இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமானது. இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தான்சானியாவில் தொடக்கப் பள்ளி ஏழு வருடமும் சுவாஹிலியில். மேல்நிலைக்கு வந்த அன்றே எல்லாப் பாடமும் ஆங்கிலம். நேற்றுவரை ஜும்லிஷா, டோவா, ஸிடிஷா, கவான்யா என்று கூட்டிக் கழித்துப் பெருக்கி வகுத்த பிள்ளைக்கு மறுநாள் கணக்கே மறந்துபோனது போல ஆகிவிடும். எங்கள் பள்ளியில் ஒரு விதி, நான் போவதற்கு முன்பிருந்தே. வளாகத்தில் சுவாஹிலி பேசினால் கயிற்றில் கோத்த ஒரு மரத்துண்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் பேசி மாட்டும்வரை அது நம்மிடம்தான். இது அந்த ஒரு பள்ளியின் கண்டுபிடிப்பு இல்லை. கென்யாவில் தன் பள்ளிக் காலத்தில் தாய்மொழி பேசியவர்கள் கழுத்தில் உலோகத் தகடு தொங்கவிடப்பட்டதை எழுத்தாளர் ங்கூகி வா தியாங்கோ 1986இல் வெளிவந்த கட்டுரை நூலில் எழுதியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஆப்பிரிக்கப் பள்ளிகளிலும் இது உண்டு.

நான் எதிர்த்தேனா என்றால், இல்லை. நல்லது என்றே நினைத்தேன். இத்தனைக்கும் நான் பன்னிரண்டாவதுவரை தமிழ்வழி. கல்லூரியில் முதல் வாரம் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும், ஆங்கிலத்தில் சொல்ல வராமல் நின்று, பஸ் ஸ்டாப்பில் அழுதவள். அந்த வலியை இந்தப் பிள்ளைகள் சீக்கிரம் கடந்துவிடட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

முதல் வகுப்பு. எதிர்ம எண்கள். மைனஸ் ஏழிலிருந்து மைனஸ் மூன்றைக் கழித்தால் என்ன? நாற்பத்தாறு பிள்ளைகள், சத்தமே இல்லை. பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் துள்ளி எழுந்து "ஹாசி ன்னே!" என்றான். மைனஸ் நான்கு. சரியான விடை. வகுப்பில் ஒருவனுக்குப் புரிந்துவிட்டது என்று நான் துள்ளியிருக்க வேண்டும். போய் மரத்துண்டை வாங்கி அவன் கழுத்தில் மாட்டினேன். அவன் முகத்தை விவரிக்க விரும்பவில்லை.

மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, சக ஆசிரியையைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்தேன். ஒன்பது கிலோமீட்டர், இரண்டு ஓடை. பாட்டி மட்டும் இருந்தார். அம்மா அப்பா இருவரும் இல்லை. அந்த வருடங்களில் எய்ட்ஸ் நோயால் நாட்டிலேயே மிக அதிகமாக அடிபட்ட பகுதிகளில் இரிங்காவும் ஒன்று. பாட்டிதான் பிள்ளைகளை வளர்க்கிறார் என்பது அங்கே சாதாரணமாகிவிட்டிருந்தது. பாட்டிக்கு ஹெஹே மொழி மட்டும்தான், சுவாஹிலியே சரியாக வராது. பையனுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி என்பது எனக்கு அந்த முற்றத்தில்தான் உறைத்தது. பாட்டிக்குக் காலில் புண், சோளத்துக்குக் களை எடுக்க ஆள் இல்லை, அதனால் வரவில்லை என்றார். மரத்துண்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. உண்மையான காரணம் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிளம்பும்போது ஒரு கோழியைக் கால் கட்டிக் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று சக ஆசிரியை கண்ணைக் காட்டினாள். அபராதம் போடவேண்டியவர் கோழி கொடுத்தார், வழியெல்லாம் அதைச் சுமந்துகொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் பையன் வந்தான். நேராக என்னிடம் வந்து, ஒரு கையால் மறுகையைத் தாங்கி, பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையோடு மரத்துண்டை நீட்டினான். விதிப்படி அவன் இன்னொருவனைப் பிடிக்கும்வரை அது அவனுடையது அல்லவா? பத்திரமாக வீட்டில் வைத்திருந்திருக்கிறான். மூன்று வாரமாகப் பள்ளியில் மரத்துண்டே இல்லை, யாரும் கவனிக்கக்கூட இல்லை. வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். தலைமை ஆசிரியர் கேட்டபோது தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அதன்பிறகு நான் பாடம் எடுத்த விதம் மாறியது. கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன், இடப்பக்கம் சுவாஹிலி, வலப்பக்கம் ஆங்கிலம். எனக்குச் சொல் தெரியாவிட்டால் பிள்ளைகள் சொல்வார்கள். முக்கோணம் பெம்பே-டாட்டு, மூன்று மூலை. வட்டம் துவாரா. அவர்கள் எனக்கு ஆசிரியர், நான் அவர்களுக்கு. சிலபஸ் பின்தங்கியது. அதற்காக ஆய்வாளரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

திரும்பி வந்த பிறகு நம் ஊரைப் பற்றியே ஒரு விஷயம் படித்தேன். நம்ம புதுச்சேரிக் குளூனி கன்னியர் எல்லோருக்கும் தெரியும், இங்கேயே பல பேர் அவர்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். 1827இல் இந்தக் கடற்கரையில் வந்து இறங்கியவர்கள். அதற்கு எட்டு வருடம் முன்பே, 1819இல், அதே சபைச் சகோதரிகள் செனகலில் சேன்-லூயிக்குப் போய்விட்டார்கள். சபையை நிறுவிய அன்னை ஆன்-மரி ஜாவுவே 1822இல் தாமே அங்கே போய் இரண்டு வருடம் இருந்தார். அவர் முயற்சியால் செனகல் பிள்ளைகள் பிரான்சுக்குப் படிக்க அனுப்பப்பட்டார்கள். குளிரிலும் நோயிலும் பலர் அங்கேயே இறந்துபோனார்கள். மூன்று பேர் 1840இல் குருக்களானார்கள். அந்த மூவரைப் பற்றித்தான் பெருமையாக எழுதுகிறார்கள். எனக்கு மற்றவர்களின் நினைவுதான். அதே சேன்-லூயியில் 1817இல் ழான் தார் என்ற ஆசிரியர், மிஷனரி இல்லை, பள்ளி தொடங்கியபோது பிள்ளைகளுக்கு முதலில் அவர்கள் வொலோஃப் மொழியில்தான் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். பிறகுதான் பிரெஞ்சு. வொலோஃப் அகராதி, இலக்கணம் எல்லாம் அச்சிட்டார். அவர் 1820இல் கிளம்பிப் போனதும் அந்த முறை நிலைக்கவில்லை. இருநூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்துவிட்டதைத்தான் நான் இரண்டு ஓடை தாண்டிப் போய்க் கண்டுபிடித்திருக்கிறேன்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். இரண்டாம் வருட அரசுத் தேர்வில் கணக்கில் நல்ல மதிப்பெண், மற்றப் பாடங்களில் போய்விட்டான். அவற்றையும் ஆங்கிலத்தில்தானே எழுதவேண்டும். பள்ளியை விட்டான். முஃபிண்டியில் பைன் மரக்காடு பெரிது, அங்கே அறுவை ஆலையில் மரத்தின் கன அளவு கணக்கெழுதுகிறான் என்று சக ஆசிரியை பிறகு கடிதம் எழுதியிருந்தாள். அது நல்ல செய்தியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நம் செக்யூரிட்டி அண்ணன் மகள் மாலையில் என்னிடம் கணக்குக்கு வருகிறாள், ஒன்பதாவது. அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியதும் தடுமாறிய பிள்ளைகளில் ஒருத்தி. வாய் திறக்கவே பயப்படுவாள். "தமிழ்லயே சொல்லும்மா" என்றால் கடகடவென்று விடை வருகிறது. அவளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். இங்கே இரண்டு பொறியாளர்கள், ஒரு மருந்தாளுநர் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள்.

அந்த மரத்துண்டு இதுதான். முன்வரிசையிலிருந்து அப்படியே கைமாற்றிப் பாருங்கள். கனமே இல்லை, பார்த்தீர்களா? பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாவு நம் ஊர் மக்காச்சோள மாவுதான், ஆனாலும் உகாலி நன்றாகத்தான் வந்திருக்கிறது, தொட்டுக்கொள்ள முளைக்கீரையும் இருக்கிறது. வலது கையால் உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி பண்ணி, அதில் கீரையை அள்ளவேண்டும். அங்கே சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டுக்காரர்தான் விருந்தாளியின் கையில் தண்ணீர் ஊற்றுவார். செம்பும் பேசினும் வைத்திருக்கிறேன். வரிசையாக வாருங்கள், நான் ஊற்றுகிறேன்.